பதினோரு நிமிடம்

விடியும் முன்பே ஆறு பேரும் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். காலைச் செய்திக்குப் போகவேண்டிய மூன்று வீடியோத் துண்டுகள் பாக்கி இருந்தன. குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. இயந்திரங்கள் சூடாகிவிடக் கூடாது என்று ஓடுகிறதே தவிர, எங்களுக்காக இல்லை. வலது மணிக்கட்டில் பட்டை கட்டாதவர் எங்களில் ஒருவரும் கிடையாது. வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி, வீட்டுக்குப் போய்த் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலும் கை நடுங்கும்.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். போன வாரம் என் கம்ப்யூட்டரில் ஒரு புது எடிட்டிங் சாப்ட்வேரை ஏற்றியிருந்தார். பழையதற்கு வருடா வருடம் பெரிய தொகை கட்டவேண்டும். புதியது கிட்டத்தட்ட இலவசம்.

"பழசுல அவரு, புதுசுல நீ" என்று கண்ணாடி அண்ணனையும் என்னையும் காட்டினார். "ஒரே பேட்டி, ஆறு நிமிஷத் துண்டு. எது முந்துதோ அத ஓட்டுறவங்களுக்குத்தான் இனிமே இங்க இடம். ஆறு பேர்ல எனக்கு மூணு பேர் போதும்."

கண்ணாடி அண்ணன் பதினெட்டு வருடமாக எடிட்டர். விசைப்பலகையில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய்விட்டது, அவர் பார்ப்பதே இல்லை. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அல்ல, பக்கத்து நாற்காலிக்காரர். என் மதியச் சாப்பாட்டில் உப்பு கூடினால் முதலில் கேலி செய்பவர். நான் ஜெயித்தால் அவர் வெளியே. நான் தோற்றால் என் வீடு? கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு வாரம், இன்னும் படுக்கைதான். என் ஒருத்தியின் சம்பளத்தில் அடுப்பு எரிகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஜெயிக்கவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

புதியதைக் குறை சொல்லமாட்டேன். பேச்சைத் தானே எழுத்தாக்கியது. திக்கல், இருமல், மௌனம் எல்லாவற்றையும் தானே கழித்தது. நாற்பது நிமிடப் பேட்டி ஆறு நிமிடமாகச் சுருங்கி நின்றபோது கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம். முதலாளி கையைத் தட்டியேவிட்டார். அவர் தன் அறைக்குப் போனதும், பழக்கதோஷம், முழுப் பேட்டியையும் ஹெட்போனில் ஒருமுறை ஓடவிட்டேன்.

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்த தொழிலாளியின் மனைவி பேசுகிறாள். "உங்க வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு பெல்ட் குடுத்தாங்களா?" என்று கேட்கிறார்கள்.

"குடுத்தாங்க" என்கிறாள்.

சாப்ட்வேர் செய்த துண்டில் அதோடு சரி, அடுத்த கேள்வி. முழுப் பேட்டியில் அவள் ஒன்பது வினாடி தலை குனிந்திருக்கிறாள். பிறகு மூச்சோடு மூச்சாக, "அவர் போன மறுநாள். மிச்சப் பேர் எல்லாருக்கும் குடுத்தாங்க" என்கிறாள்.

மௌனத்தை வீண் என்று தள்ளிய சாப்ட்வேர், அந்த முணுமுணுப்பை இரைச்சல் என்று தள்ளிவிட்டது. இப்படியே போயிருந்தால், செத்தவன் கொடுத்த பெல்ட்டைப் போடாமல் விழுந்தான் என்று ஊரே சொல்லியிருக்கும். அதுவும் அவன் மனைவியின் வாயாலேயே.

முதல் வினாடியிலிருந்து காதால் கேட்டு, கையால் சேர்த்தேன். முழுப் பேட்டியைக் கேட்ட நேரத்தையும் சேர்த்து, முடிக்க மூன்று மணி நேரம் பிடித்தது. கண்ணாடி அண்ணனும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் முடித்தார்.

முதலாளி அறையிலிருந்து வந்து ஒரு தாளை நீட்டினார். "பதினோரு நிமிஷம்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. இனிமே அதுதான் கணக்கு. உன் வேலைக்கு நான் கியாரண்டி."

"பதினோரு நிமிஷத்துல வந்தது பொய்யி சார்."

"டீவிக்கு அது போதும். எவன் உக்காந்து காது குடுத்துக் கேக்குறான்?"

"நாங்க கேக்குறோம்" என்றேன். இரண்டு துண்டுகளையும் பெரிய திரையில் அடுத்தடுத்து ஓட்டினேன். ஆறு பேரும் பார்த்தோம். எங்களில் ஒலி சேர்ப்பவர் கெட்ட வார்த்தை ஒன்றை வாய்க்குள்ளேயே மென்றார்.

தாளில் மூன்று மணி நேரம் பதினோரு நிமிடம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அண்ணன் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

"உனக்கு என்னய்யா வந்துச்சு? தோத்தவன் நீ!" என்று கத்தினார் முதலாளி.

"சாப்ட்வேர் மேல எனக்குக் கோபம் இல்ல சார். நல்லாவே இருக்கு, நானும் கத்துக்கப்போறேன். ஆனா இவ காது கேட்ட மூணு மணி நேரத்தையும் கணக்குல எழுதுங்க. ஒருத்தரையும் அனுப்பாதீங்க."

மற்ற நால்வரும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்திட்டார்கள். முதலாளி தாளைக் கசக்கி எறிந்தார். "நாளைக்குக் காலையில பூட்டுத்தான் தொங்கும். வெளிய பத்துப் பேர் வரிசையில நிக்கிறான்."

"அந்தப் பத்துப் பேரையும்தான் பாக்கப்போறோம், எதிர் ஸ்டூடியோவுலேருந்து ஆரம்பிச்சு" என்றார் ஒலி சேர்ப்பவர், தாளை எடுத்துத் தொடையில் வைத்து நீவியபடி.

படியிறங்கும்போது கணவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தெருவைக் கடந்து எதிர்க் கட்டடத்து இரண்டாம் மாடி ஸ்டூடியோவின் கதவைத் தட்டினோம். மணிக்கட்டில் பட்டை கட்டிய ஒரு பெண் திறந்தாள். அவளை எனக்கு முன்பின் தெரியாது. நடந்ததைச் சொன்னதும் தாளை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"உங்களுக்கு மூணு மணி நேரம் பதினோரு நிமிஷமா?" என்றாள். "எங்க முதலாளி, எதிர்க் கட்டடத்துல ஒன்பது நிமிஷத்துல முடிக்கிறாங்க, நீங்க என்ன பண்றீங்கன்னு நேத்துத்தான் ஏசுனாரு."

கதவை அகலத் திறந்து, உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "எல்லாரும் ஹெட்போனைக் கழட்டிட்டு இங்க வாங்க."