சாம்பிள் ஃப்ரிட்ஜில் இரண்டு பாட்டில்

பால் பண்ணை லேபில் வேலை பார்க்கிறவளுக்குப் பால் வைக்க இடமில்லை என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆக வேண்டும். விடிந்தால் டேங்கர் டேங்கராகப் பால் வந்து இறங்குகிற இடம் அது. அதையெல்லாம் குளிர வைக்க மாடி வீட்டு உயரத்துக்குத் தொட்டிகள் நிற்கின்றன. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவள், பிள்ளைக்காகப் பம்ப் வைத்து எடுக்கிற பாலை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு மேனேஜர் தலையைச் சொறிந்தார். பிறகு, "கேன்டீன் ஃப்ரிட்ஜ் இருக்கேம்மா" என்றார்.

கேன்டீன் ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல். அதன் கதவு மூடியிருக்கும் நேரத்தைவிடத் திறந்திருக்கும் நேரம் அதிகம். முதல் வாரமே யாரோ ஒரு புண்ணியவான் தன் குளிர்பானத்தை உள்ளே வைப்பதற்காக அவள் பாட்டிலை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போய்விட்டான். சாயங்காலம் மூடியைத் திறந்து முகர்ந்தவள் கை கழுவும் தொட்டியில் கொட்டினாள். கொட்டும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள்.

வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது நாத்தனார். டப்பா பாலைக் கொடுத்தால் குடித்த வேகத்தில் கக்கிவிடுகிறான். டப்பாவையும் மாற்றி, டாக்டரையும் மாற்றிப் பார்த்தாயிற்று. "பேசாம வேலைய விட்டுடுங்களேன் அண்ணி" என்று அவள் பாசத்தோடுதான் சொன்னாள். கணவனோ அதையே தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரிச் சொல்லிப் பார்த்தான்.

வேலையை விடுவதா? மூடியைத் திறந்த உடனேயே பாலின் ஜாதகத்தைச் சொல்லிவிடும் அளவுக்குத் தேறிய வேலை அது. விடமாட்டாள். பிள்ளைக்குப் பால் கொடுப்பதையும் விடமாட்டாள். எடுக்கிற பால் கெடாமல் வீடு போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதனால் லேபில் இருக்கும் சாம்பிள் ஃப்ரிட்ஜைப் பிடித்தாள். பரிசோதனைக்கு வந்த பாலைத் தவிர அதில் எதையும் வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான ரூல். ஆனால் அதைத் தேவையில்லாமல் யாரும் திறக்கமாட்டார்கள், குளிரும் குறையாது. சாம்பிள் பாட்டில்களுக்கு நடுவே இன்னும் இரண்டு சாம்பிள் பாட்டில் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? லேபின் பாட்டில்களிலேயே இரண்டை நன்றாகக் கொதிக்க வைத்து, பாலை ஊற்றி மூடி, கடைசி வரிசையில் வைத்தாள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் காலை வாரிவிட்டது.

கூட வேலை பார்க்கிற சீனியருக்கு லேபே சேர்ந்து வைத்த பெயர் லிட்மஸ். கூச்சமோ கோபமோ வந்தால் லிட்மஸ் தாள் மாதிரி முகம் சட்டென்று நிறம் மாறிவிடும். லேபிள் இல்லாத பாட்டில் கண்ணில் பட்டால் அவருக்குக் கை நிற்காது. எடுத்துப் பால் பரிசோதிக்கிற மெஷினில் கொடுத்துவிடுவார். கேட்டால், "பேர் இல்லாத பால நம்பக் கூடாது தங்கச்சி" என்பார்.

அன்று அவள் சாப்பிடப் போயிருந்த நேரம். வாசலில் ஒரு டேங்கர் நின்றிருந்தது. லேபிள் இல்லாத இரண்டு பாட்டிலும் அந்த டேங்கர் சாம்பிள்தான் என்று லிட்மஸ் அவராகவே முடிவு கட்டி, ஒன்றைத் திறந்து மெஷினில் கொடுத்துவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது லேபே அமளிதுமளிப்பட்டது.

"புரதம் பாதிகூட இல்ல சார், சர்க்கரை எகிறுது! தண்ணிய ஊத்தி, அது தெரியாம இருக்கச் சர்க்கரையும் கலந்திருக்காங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒரு திருட்டுப் பால நான் பாத்ததே இல்ல!" என்று லிட்மஸ் குதித்துக்கொண்டிருந்தார்.

டேங்கர் டிரைவர் கையைப் பிசைந்தார். "சார், நான் வண்டி ஓட்டறவன். டேங்கர் பூட்ட நீங்கதான் திறந்தீங்க. நான் எங்க போய்க் கலப்பேன்?"

"இனிமே நீ இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது" என்றார் மேனேஜர். திறக்காத பாட்டிலைச் சுற்றி டேப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, சாட்சியாக மேஜைமேல் வைத்திருந்தார்.

மேஜைமேல் இருந்த பாட்டிலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். வாயைத் திறந்தால் தன் வேலைக்கு ஆபத்து, திறக்காவிட்டால் டிரைவர் வேலைக்கு. அதோடு மேஜைமேல் இருப்பது நாளைக்குப் பிள்ளை குடிக்க வேண்டிய பால், சூடேறிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் யோசிக்க அவளால் முடியவில்லை.

"சார், டிரைவர் மேல தப்பில்ல. இது டேங்கர் பாலே இல்ல. என்னோட பால்."

"உங்க வீட்ல மாடு இருக்கா? சொல்லவே இல்லயே?" என்றார் மேனேஜர்.

"மாடு இல்ல சார். பிள்ளை இருக்கு."

லிட்மஸின் முகம் காது மடல் வரை சிவந்தது. "மெஷின நம்பாம ஒரு சொட்டு நாக்குல வேற வெச்சுப் பாத்துட்டேன்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். போன உயிர் திரும்பி வந்த டிரைவர் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. திறந்த பாட்டிலை எடுத்துக் கை கழுவும் தொட்டியில் கொட்டினாள். மற்றதன் டேப்பைக் கிழித்தாள்.

"அது சாட்சிம்மா!" என்று மேனேஜர் பதறினார்.

"எதுக்கு சார் சாட்சி? ரூல் தெரிஞ்சேதான் வெச்சேன், தப்புதான். கேன்டீன்ல வெச்சது கெட்டுப்போச்சு, வெச்சேன். ஊர்ல இருக்கற மாட்டுப் பாலுக்கெல்லாம் இங்க குளிர்ல இடம் இருக்கு. என் பிள்ளையோட பாலுக்கு ஒரு தட்டு குடுங்க. குடுக்கலன்னா நாளைக்கும் அதே ஃப்ரிட்ஜ்லதான் வெப்பேன். லேபிள் ஒட்டியே வெப்பேன்."

மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சரி சரி, நாளைக்குப் பேசுவோம்."

"இன்னிக்கே இன்னொரு தடவ எடுக்கணும் சார். நாளைக்குப் பேசினா அத எங்க வெப்பேன்?"

மேனேஜர் துணைக்கு ஆள் தேடுவதுபோல் சுற்றிப் பார்த்தார். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லிட்மஸ் மட்டும் தொண்டையைக் கனைத்தார். "உங்க ரூம்ல ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் இருக்கே சார். உள்ள தண்ணி பாட்டில்தான இருக்கு?"

மேனேஜர் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. அவளுக்கு அது போதும். பாட்டிலை அப்போதே கொண்டுபோய் அந்தக் குட்டி ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

மார்பு கனக்க ஆரம்பித்ததும் பம்ப் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் ஃபோனில் இருந்தார். அவள் போகவில்லை, உட்காரவுமில்லை, நின்றாள். அவர் பேசி முடித்து அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவள் தாழ்ப்பாள் போட்டாள். தண்ணீர் பாட்டில்களை வெளியே எடுத்து வைத்து, தட்டு முழுவதையும் துடைத்துத் தன் பாலுக்கு ஆக்கிக்கொண்டாள். அறையிலேயே இருந்த குழாயில் கையைக் கழுவிக்கொண்டு அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

வெளியே யாரோ கையெழுத்து வாங்க வந்தார்கள் போலிருக்கிறது.

"கொஞ்சம் நில்லுப்பா, உள்ள போகாத" என்ற மேனேஜரின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "அவங்க பால் எடுக்கறாங்க."

இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டுமா என்று முதலில் அவளுக்குக் கூசியது. சொல்லட்டும், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பால் இறங்கத் தொடங்கியது.