ஏசி இல்லாத வீட்டில் ஒரு மத்தியானம்

பங்களா விற்கவும் ஒரு பருவம் உண்டு. மழை ஓய்ந்து, புல்வெளி பச்சைகட்டி, வெயில் நல்ல பிள்ளையாக இருக்கும் நாலு மாதம்தான். கோடை வந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்ட கோடையில் அக்காவின் தலையில் இந்த வீட்டைக் கட்டினார்கள்.

அக்கா விற்பனைக்காரி. வீட்டை வரைந்து கட்டியவள் அவளுடைய சொந்தத் தங்கை. இதுதான் தங்கை கட்டிய முதல் வீடு. கனத்த மண்சுவர், பூமிக்கடியில் குளிர்ந்து வரும் காற்றுக்குழாய், சூடு மேலே போகக் கூரையில் புகைக்கூண்டு மாதிரி உயரமான கூண்டு. ஏசி மட்டும் கிடையாது. இந்த வருஷம் பசுமை வீடுதான் மோஸ்தர் என்று பத்திரிகைகள் எழுதின. வந்தவர்களும் பசுமை, பசுமை என்று உருகினார்கள். உருகி முடித்ததும், "ஏசி எங்கே?" என்றார்கள்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. ஆபீஸில் அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பட்டப்பெயர். எங்கேயும் அதற்கு மேல் உட்கார மாட்டார். "இன்னைக்கு மூணு மணிக்குள்ள வித்துட்டா சரி. இல்லேன்னா ஏசிக்காரங்களை அனுப்பறேன். ரூமுக்கு ரெண்டு ஓட்டை!" என்று சொல்லிவிட்டார். நாலு ரூமுக்கு, தன் சுவரில் எட்டு ஓட்டையா என்று தங்கை காலையிலிருந்து போனில் அழுதுகொண்டிருந்தாள்.

ஒன்றரை மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும்போது, ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாசலிலேயே ஆரம்பித்தார்: "ஏசி?"

"முதல்ல உட்காருங்க சார், தண்ணி கொண்டு வரேன்."

அக்கா தண்ணீரோடு திரும்புவதற்குள் மனிதர் சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த அம்மாளும் அவர் தோளில் சாய்ந்தாயிற்று. தூங்குகிறவர்களிடம் எந்தக் கெட்டிக்காரி வீட்டை விற்பாள்? இருமிப் பார்த்தாள், நாற்காலியை இழுத்துப் பார்த்தாள், அலமாரிக் கதவைப் படாரென்று சாத்தியும் பார்த்தாள். ம்ஹூம்.

சரியாக மூன்று மணிக்கு ஏசிக்காரர்கள் இருவர் டிரில்லிங் மெஷினோடு வந்தார்கள். அக்கா உதட்டில் விரலை வைத்தாள். "சரிம்மா, அவங்க எழுந்ததும் போடறோம்" என்று இருவரும் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்கள். "என்னடா இது, இவ்வளவு ஜில்லுனு இருக்கு" என்றான் ஒருவன். மற்றவன் அதற்குள் மெஷினைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். கேட்டவனும் பின்னாலேயே போய்விட்டான்.

மூன்றரைக்கு முதலாளியே வந்து நின்றார். "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று எகிறியவர், உள்ளே பார்த்ததும் குரலைத் தணித்தார். "ரெண்டு நிமிஷம் பார்க்கிறேன்." பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டாவது நிமிஷத்தை அவர் பார்க்கவே இல்லை.

அக்கா சமையலறைக்கு ஓடி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

ஐந்து மணிக்கு அந்த அம்மாள் கண் விழித்தாள். கணவர் இன்னும் தூங்குவதைப் பார்த்து, அவரை எழுப்பாமல் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். "இவர் ஒழுங்காத் தூங்கி மூணு மாசமாச்சும்மா," என்றாள் ரகசியமாக. "மாத்திரை போட்டாலும் ஒரு மணி நேரம்தான்." அப்போதுதான் மெஷின் கண்ணில் பட்டது. "அது எதுக்கு?"

"ஏசி மாட்ட. சுவத்துல ஓட்டை போடணும்."

"ஒரு ஓட்டை விழுந்தாலும் எங்களுக்கு வேண்டாம். விழலேன்னா வீடு எங்களுக்குத்தான். உங்க முதலாளி எங்கே?"

அக்கா நாற்காலியைக் காட்டினாள்.

"பாவம். எழுந்ததும் சொல்லிடுங்க."

அக்கா தோட்டத்துப் பக்கம் ஓடிப் போய்த் தங்கையைக் கூப்பிட்டாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை. போனை ஜன்னலுக்குள் நீட்டிப் பிடித்தாள்.

"ஐயோ அக்கா, ஓட்டை போட ஆரம்பிச்சுட்டாங்களா?"

"குறட்டைடி! உன் வீட்டுல நாலு பேர் தூங்கறாங்க. அதுல ஒருத்தர் வாங்கறவர், ஒருத்தர் நம்ம முதலாளி."

மறுமுனையில் தங்கை, அழுகையும் சிரிப்புமாக, "அக்கா, யாரையும் எழுப்பிடாதே," என்றாள். "நான் வந்து பார்க்கணும்."