பகலில் யாரோ மந்திரப் படம் பார்க்கிறார்கள்

டிவியைப் போட்டதும் திரையில் ஒரு வரி வந்தது: 'நீங்கள் இதைப் பார்த்ததால், இவையும் பிடிக்கலாம்.' கீழே வரிசையாகப் படங்கள். கல்லாகிப்போன ராஜா, நெருப்பைக் குடிக்கும் குதிரை, கடலுக்கு அடியில் இருக்கும் கோட்டை. கண்ணாடிக்காரிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவளுக்குப் பிடித்த சரக்கே அதுதான். ஆனால் எதைப் பார்த்ததால் என்று டிவி சொன்னதோ, அந்தப் படத்தை அவள் பார்க்கவே இல்லை.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவாள். கணவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். பகலெல்லாம் மேலும் கீழும் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, கால்பந்து பார்த்தபடியே சோபாவில் தூங்கிவிடுவான். ஒரே மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். பகலில் வீடு பூட்டித்தான் கிடக்கும்.

பழைய ஐதீகம், மாயம், மந்திரம் என்று எந்தப் புத்தகம் வந்தாலும், எந்தப் படம் வந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிற கையோடு, "பூதக்கதை பிடிக்குமா?" என்றும் கேட்டுவிடுவாள். ஆளைப் பார்த்துத்தான் சிபாரிசு செய்வாள். பயந்த ஆளுக்கு ஒன்று, துக்கத்தில் இருக்கும் ஆளுக்கு ஒன்று. சொந்தக்காரர் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில்கூட அவளைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, "அடுத்து என்ன பார்க்கலாம், சொல்லு" என்பார்கள்.

அப்படி ஒரு கல்யாணத்தில்தான் கணவனின் அக்கா எல்லார் முன்னாலும் வாரிவிட்டாள். "கழுதை வயசாச்சு, இன்னும் மொட்டைத் தலைப் பூதம் பறக்கிறதை வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்க்கிறா. கண்ணாடிக்காரிக்கு முதல்ல யாராவது கண் டெஸ்ட் பண்ணுங்கப்பா." பந்தியே சிரித்தது. கண்ணாடிக்காரி என்ற பெயரும் அன்றோடு ஒட்டிக்கொண்டது. அந்த அக்காவைக் கண்ணாடிக்காரி அண்ணி என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் அதற்குப் பிறகு கூப்பிடுகிற சந்தர்ப்பத்தையே குறைத்துக்கொண்டாள்.

இப்போது டிவியில் 'பிறகு பார்க்க' என்று தான் சேர்த்து வைத்திருந்த பட்டியலைத் திறந்தாள். கடையில் வேலைக்கு ஆள் குறைந்ததிலிருந்து அவளுக்குப் படம் பார்க்க நேரமே கிடைக்கவில்லை. ஆனால் பட்டியலில் மேலிருந்து கீழாக, ஒன்று விடாமல், பார்த்து முடித்ததற்கான குறி விழுந்திருந்தது.

"நீங்க பார்த்தீங்களா?"

கணவன் அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்தான். "எதை?"

"முதுகுல காடு வளர்ந்த ஆமையை."

"எனக்குக் கோல் அடிச்சதைப் பார்க்கவே கண்ணு நிக்க மாட்டேங்குது. ஆமையை எங்க பார்க்க?" என்றான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். "ஆமா, பகல்ல நான் வீட்டுக்கு வந்துட்டுப் போறேன்னு சந்தேகப்படுறியா?"

"கேட்டேன், அவ்வளவுதான்."

"நீயே தூக்கத்துல எழுந்து பார்க்கிறியோ என்னவோ."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டார்கள். அன்று அதோடு முடிந்தது. ஆனால் அவள் மனதில் முள் தைத்த மாதிரி அது நின்றது. வீட்டைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். சமையலறையில் ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர்கள் வீட்டில் யாரும் டம்ளரைக் கவிழ்ப்பதில்லை. டிவியின் சத்தம் அவள் வைப்பதைவிடக் குறைவாக இருந்தது, யாரோ பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று குறைத்த மாதிரி. புத்தக அலமாரியில், மலைகளாக உறைந்துபோன ராட்சசர்களைப் பற்றிய தடிமனான புத்தகத்தில் ஒரு பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. அவள் உயிரே போனாலும் பக்கத்தை மடிக்க மாட்டாள்.

வீட்டுச் சாவி மூன்று பேரிடம் இருந்தது. அவள், கணவன், புயலக்கா. வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கு அந்தக் குடியிருப்பே வைத்த பெயர் அது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, வீடு மட்டும் பளிச்சென்று இருக்கும். யாரும் இல்லாத நேரத்தில் தானே திறந்து வேலையை முடித்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவாள். வருஷக்கணக்காக அப்படித்தான்.

விடுமுறை நாளில் புயலக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரி சமையலறை வாசலில் வந்து நின்றாள். எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"அக்கா, பகல்ல வரும்போது டிவி போடுவீங்களா?"

"எதுக்கு?"

"சும்மாதான். களைப்பா இருந்தா உட்கார்ந்து பார்த்தாத் தப்பில்லை. சொல்லிட்டுப் பார்த்தா நல்லது, அதான்."

புயலக்கா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நான் பார்க்கலைம்மா."

"புத்தகம் ஏதாவது எடுத்தீங்களா?"

"எடுக்கலை."

"பின்ன யார்? சாவி உங்ககிட்டத்தானே இருக்கு?"

புயலக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பிறகு சொன்னாள்: "பால் கொண்டு வர்றவருக்குப் படம் சொல்றீங்க. கேஸ் மாத்த வர்றவருக்குப் புத்தகம் சொல்றீங்க. இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு படம் பாருன்னு நீங்க சொன்னதில்லை. இப்ப நான் பார்த்தேன்னு மட்டும் சொல்றீங்க."

சாவியை அடுப்பு மேடையில் வைத்தாள். மீதி இருந்த இரண்டு பாத்திரத்தையும் தேய்த்துக் கழுவினாள். அதன்பிறகுதான் போனாள்.

கண்ணாடிக்காரிக்கு அது உறைத்தது. என்றாலும், ரோஷம் இவ்வளவு வருகிறதென்றால் ஏதோ இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் பட்டியலில் புதிதாக இரண்டு படம் சேர்த்தாள். சேர்த்த மறுநாளே ஒன்றில் குறி விழுந்துவிட்டது. டம்ளர் கவிழ்ந்திருந்தது.

ஆக, அது புயலக்கா இல்லை. அப்படியென்றால் பூட்டிய வீட்டுக்குள் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, தான் தேர்ந்தெடுத்த படத்தைத் தன் சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவது யார்? நகை இருந்தது, பணம் இருந்தது, மகனுடைய பழைய கேமரா இருந்தது. ஒன்றும் போகவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நாளைக்கே பூட்டை மாத்திடறேன்" என்றான் கணவன்.

"வேண்டாம். பூட்டை மாத்தினா ஆள் வராது. ஆள் யாருன்னும் தெரியாது. ஒண்ணும் பண்ணாத அந்த அக்காவை அனுப்பினது அப்படியே நின்னுபோகும்."

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"சிபாரிசு பண்ணப் போறேன்."

அவளுக்குத் தெரிந்த படங்களிலேயே மனிதரைத் தவிக்க விடுகிற படம் ஒன்று உண்டு. மூன்று அக்கா தங்கைகள். மூவருக்கும் சேர்த்து ஒரே குரல். ஒருத்தி பேசினால் மற்ற இருவரும் ஊமை. கடைசித் தங்கை அந்தக் குரலை எடுத்துக்கொண்டு மலைக்கு அடியில் இருக்கும் சூனியக்காரியிடம் போவாள். கதவு மூடும். முதல் பாகம் அங்கே முடிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் பாகத்துக்கு ஒரு நாளுக்கு மேல் பொறுத்திருந்த ஆளை அவள் கண்டதில்லை. பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்த இரண்டு பாகங்களை மட்டும் வைத்தாள்.

அடுத்த நாள் வேலையிலிருந்து வந்து பார்த்தாள். முதல் பாகத்தில் குறி. அதற்கும் அடுத்த நாள் கடைக்கு லீவு சொன்னாள். வழக்கம்போலக் கைப்பையோடு கிளம்பி, தெருமுனை வரை போய், பின்படிக்கட்டு வழியாகத் திரும்பி வந்து படுக்கையறையில் உட்கார்ந்தாள். கையில் குடை. கணவன் அன்றைய வேலையைப் பக்கத்துக் கட்டடத்திலேயே கேட்டு வாங்கியிருந்தான், ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஓடி வருவதாகச் சொல்லியிருந்தான்.

மதியச் சாப்பாட்டு நேரம். பூட்டில் சாவி திரும்பியது.

திருடனுடைய அவசரம் அதில் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கும் சத்தம். சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம். டம்ளரைக் கவிழ்க்கும் சத்தம். சோபா முனகியது. படத்தின் இசை மெல்ல ஆரம்பித்தது. கண்ணாடிக்காரி மெல்ல எழுந்தாள். கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

இறுக்கி முடிந்த கொண்டை. கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையின் நீலப்பட்டை. மடியில் சாப்பாட்டு டப்பா, மூடி திறக்காமல்.

"அவ சிரிக்கிறதை நம்பாதடி" என்று அண்ணி திரையைப் பார்த்துச் சொன்னாள். "ஐயோ, குடுக்காதே, குடுக்காதே."

கண்ணாடிக்காரி வெளியே வந்தாள். அண்ணி துள்ளி எழுந்ததில் டப்பா உருண்டது. ஒரு கணம்தான் முகம் வெளுத்தது. அடுத்த கணம் பழைய அண்ணி திரும்பி வந்துவிட்டாள்.

"நீ என்ன இந்த நேரத்துல வீட்டுல? கடைக்குப் போகலையா?"

"நான் கேட்க வேண்டியதை நீங்க கேட்கிறீங்க."

"இது எங்கப்பா வீடு. சாவி என்கிட்ட இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். இருக்குன்னு சொல்லியிருக்கலாம்."

அண்ணி குனிந்து டப்பாவை எடுத்தாள். நிமிர்வதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். அவளுடைய ஆபீஸைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றிவிட்டார்களாம். ஒரு நாள் தலைவலி தாங்காமல், கொஞ்சம் படுக்கலாம் என்று பழைய சாவியை எடுத்துக்கொண்டு வந்தாளாம்.

"தூக்கம் வரலை. டிவியைப் போட்டேன். மேல இருந்ததை அழுத்தினேன், அந்த ஆமை வந்துச்சு. சாப்பாடு ஆறிப்போனதே தெரியலை. எங்க வீட்டுக் கதை உனக்குத் தெரியாதா? அவர் ரிட்டயர் ஆனதுலேர்ந்து செய்தி, செய்தி, செய்தி. ரிமோட்டு எந்த நிறம்னே எனக்கு மறந்துபோச்சு."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன அண்ணி?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு? அத்தனை பேரையும் உன்னைப் பார்த்துச் சிரிக்க வெச்சவ நான். நீ சேர்த்து வைக்கிறதை ஒண்ணு விடாம பார்க்கிறேன்னு எப்படிடி சொல்றது?"

அது உண்மை மாதிரிதான் இருந்தது. ஆனாலும் கண்ணாடிக்காரியின் சந்தேகம் சட்டென்று கீழே இறங்க மறுத்தது.

"பீரோவைத் திறந்தீங்களா?"

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஒரு தடவை. அம்மாவோட சால்வை இன்னும் இருக்கான்னு பார்த்தேன். இருந்துச்சு. அப்படியே வெச்சுட்டேன்."

மாலையில் பீரோவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கண்ணாடிக்காரி மனதில் குறித்துக்கொண்டாள். அப்படிக் குறித்ததற்காக அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"உங்களால நான் புயலக்காவைத் திருடின்னு சொல்லாத குறையா அனுப்பிட்டேன். என்கூட வந்து, வந்தது நீங்கதான்னு அவங்ககிட்டச் சொல்லணும்."

"அவகிட்ட நான் போய்ச் சொல்லணுமா? குடியிருப்பு முழுக்கப் பரவிடும். ஆபீஸ் நேரத்துல பூதப்படம் பார்க்கிறவள்னு..."

"பரவட்டும். அவங்க பேர் கெட்டுப்போய் எத்தனை நாளாச்சு?"

திரையில் சூனியக்காரி குரலை ஒரு ஜாடிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். "இதை நிறுத்தாதே" என்று மட்டும் அண்ணி முனகினாள். கண்ணாடிக்காரி கணவனுக்கு ஒன்றுமில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு, சோபாவின் மறுமுனையில் விறைப்பாக உட்கார்ந்தாள். முழுப்படமும் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார்கள். அண்ணி ஆபீஸுக்குத் தாமதமாகப் போனாள்.

விடுமுறை நாளில் இருவரும் எதிர்க் கட்டடத்துக்குப் போனார்கள். புயலக்கா ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு வாளியோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். அண்ணி தொண்டையைச் செருமினாள்.

"அந்த வீட்டுக்குள்ள வந்து டிவி பார்த்தது நான்தான். யாருக்கும் சொல்லலை. பழி உன்மேல விழுந்துடுச்சு. தப்பு."

கண்ணாடிக்காரி, "நான் கேட்டிருக்கவே கூடாது, அக்கா. மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

புயலக்கா வாளியைக் கீழே வைத்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், இதில் வேறு ஏதாவது உள்குத்து இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

"நான் பார்க்கலைங்கிறது எனக்குத் தெரியும். அதை நீங்க வந்து சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?" என்றாள். "சரி, வந்து சொன்னீங்க. அதுவும் ரெண்டு பேரும் வந்தீங்க. இருக்கட்டும்."

"திரும்பி வருவீங்களா?"

"அந்த நேரத்தை இங்க மூணாவது மாடிக்குக் குடுத்துட்டேன். அவங்க வீட்டுல எப்பவும் ஆள் இருக்கு. எனக்கு அதுதான் நிம்மதி."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வழக்கமான வேகம் இல்லை. நிதானமாகத்தான் போனாள்.

திரும்பி நடக்கும்போது அண்ணி பையிலிருந்து பழைய சாவியை எடுத்து நீட்டினாள். 'பரவாயில்லை, நீங்களே வெச்சுக்கோங்க' என்று சொல்வதுதான் முறை என்று கண்ணாடிக்காரிக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"வாரத்துல ஒரு நாள் மதியம் கடைக்கு லீவு கேட்கிறேன். அன்னைக்கு வாங்க. பெல் அடிங்க" என்றாள்.

"வர்றேன்" என்றாள் அண்ணி. கொஞ்ச தூரம் போனதும், "அது வரைக்கும் படிக்க ஏதாவது குடு. வீட்டுல ஒளிச்சு வைக்கிற மாதிரி சின்னதா" என்றாள்.