சர்டிபிகேட் வரும்வரை

தாடையைக் கட்ட ஒரு துணி வேண்டும். பீரோவைத் திறந்தால் அடுக்கடுக்காகப் பொன்னாடைகள். இத்தனை வருட மேடை வாழ்க்கையில் கணவர் ஷாஹுல் ஹமீதுக்கு ஊர் போர்த்தியவை. அவசரத்துக்கு ஒன்றும் உதவாது. நஸ்ருன்னிசா தொழுகைக்குப் போடும் தன் வெள்ளைத் துப்பட்டாவின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

டிவியில் ஓட்டு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது; அவர் இன்னும் முன்னிலையில் இருந்தார். காலையில் அதைப் பார்த்துத்தான், "நஸ்ரு, திரும்பி வந்துட்டேன் பாத்தியா?" என்று சிரித்தார். சிரித்தபடியே கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். கீழே திருவல்லிக்கேணித் தெருவில் கட்சிக்காரர்களின் ஆரவாரம் ஓயவில்லை.

அவள் கத்த வாயெடுத்தபோது ஆசிஃப் கதவைச் சாத்தினான். அவருடைய தங்கை மகன். அவர் நின்ற சமுதாயக் கட்சிக்கு மாவட்டச் செயலாளர்.

"மாமி, உங்க காலப் புடிச்சிக்கிறேன், அழுதுறாதீங்க. ஜெயிச்ச சர்டிபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் மாமா தூங்கிக்கினு இருக்காரு. அவ்ளோதான்."

"இன்னாடா பேசுற? மவுத்தானவரை வச்சிக்கினு..."

"முடிவு சொல்றதுக்குள்ள மவுத்துன்னு தெரிஞ்சா எலெக்‌ஷனே செல்லாதுன்னு ஆக்கிடுவாங்க மாமி."

அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஓட்டுப் போட்டு முடிந்த பிறகு வேட்பாளர் இறந்தாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான். அந்த வீட்டில் அது தெரிந்தவர், இரண்டு தடவை எம்.பி.யாக டெல்லிக்குப் போய் வந்த அவர் ஒருவர்தான். அவரோ வாய் கட்டப்பட்டுக் கிடந்தார்.

"செத்தவரு எப்படிடா டெல்லிக்குப் போவாரு?"

ஆசிஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "போக மாட்டாருதான். ஆனா தோத்த ஆளாவே செத்தாருன்னு எவனும் சொல்லக்கூடாது மாமி."

அந்தப் பேச்சில் அவள் மடங்கிப்போனாள். போன தேர்தல் தோல்விக்குப் பிறகு மனுஷர் வெகுகாலம் மாடியை விட்டு அதிகம் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனாலும் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பி வந்தார். அந்த அவமானத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்தானே! கட்சியின் மேலும் அவர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆசிஃப் போனும் கையுமாகக் கீழே ஓடினான். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு ஜைதூன் பீ இனிப்புத் தட்டோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"இன்னாக்கா, ஜெயிக்கிற நேரத்துல இப்படிக் குந்திக்கினு கீறே? அண்ணன் எங்க?"

"தூங்குறாரு."

"இந்தச் சத்தத்துலயா? நல்ல ஆளுதான் போ. இந்தா, வாயத் தொற!"

நஸ்ருன்னிசா சாவி முடிந்த முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜைதூன் பீ லட்டைப் பிட்டு, பெரிய பாதியாகப் பார்த்து அவள் வாயில் திணித்தாள்.

தெருவில் "நாரே தக்பீர்!" என்று ஒரு குரல் எழும்பியது. "அல்லாஹு அக்பர்!" என்று ஜன்னல்கள் அதிர்ந்தன. பட்டாசு வெடித்தது. ஜைதூன் பீ தட்டை வைத்துவிட்டுப் பால்கனிக்கு ஓடினாள்.

ஆசிஃப் படியேறி வந்து மாமியின் காலடியில் அப்படியே உட்கார்ந்தான். அவன் தோள்கள் குலுங்கின.

"ஏஜெண்டு சர்டிபிகேட் வாங்கிட்டாரு மாமி. இனிமே அழலாம். நல்லா அழுங்க."

நஸ்ருன்னிசா வாயைத் திறந்தாள். வாய் நிறைய லட்டு இருந்தது. வாயை மூடிக்கொண்டு, மெதுவாக அதை மெல்ல ஆரம்பித்தாள்.