ஐந்தாம் கேள்விக்குத் தப்பான பதில்

நான்கு கேள்விகள் வரைக்கும் கண்டக்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. அண்ணன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. பதினாறு வருடம் ஒரே பஸ்ஸில் முன்னால் ஸ்டீயரிங் பிடித்தவர். வீட்டு மாடிப்படியில் சறுக்கி விழுந்து மூளையில் அடிபட்டு ஐந்து மாதமாகிறது. கண் திறக்கிறது, மூடுகிறது, அவ்வளவுதான். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் இயந்திரத்துக்குள் கட்டை போலப் படுத்திருக்கிறார்.

உள்ளே அவருக்கு நினைவு இருக்கிறது என்று இன்று தெரிந்தால் பயிற்சியும் சிகிச்சையும் தொடரும். இல்லையென்றால் நாளையே பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

கேள்விகள் ஹெட்போன் வழியாகப் போயின. ‘ஆமாம்’ என்றால் அவர் ஸ்டீயரிங்கைத் திருப்புவதாக நினைக்க வேண்டும். ‘இல்லை’ என்றால் தன் வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூளையில் ஒவ்வோர் இடம் திரையில் சிவக்கும். பதில் நிச்சயமாகத் தெரிந்த ஐந்து கேள்விகளை அவர் மனைவியே எழுதிக் கொடுத்திருந்தார்.

ஐந்தாவது போயிற்று. “நீங்க ஓட்டின பஸ் எங்கயாவது இடிச்சிருக்கா?”

ஸ்டீயரிங்குக்கான இடம் பளிச்சென்று சிவந்தது.

அண்ணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “ஒரு கீறல்கூட இல்லாம ஓட்டினவருங்க டாக்டர். மெடலே குடுத்திருக்காங்க.”

“அஞ்சும் சரியா வரணும்மா,” என்றார் டாக்டரம்மா மெதுவாக. “ஒண்ணு தப்பினாலும், மத்த நாலும் குருட்டாம்போக்குல வந்ததுன்னு சொல்லிடுவாங்க.”

கண்டக்டர் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். அண்ணன் சொன்னது அப்பட்டமான உண்மை. அது தெரிந்த ஆள் உலகத்தில் அவன் ஒருவன்தான். ‘செத்தாலும் வெளிய சொல்லக் கூடாதுடா’ என்று அண்ணன் சத்தியம் வாங்கியிருந்தார். வாயைத் திறந்தால் சத்தியமும் போகும், மெடலும் போகும், அண்ணி முகத்தில் முழிக்கவும் முடியாது. திறக்காவிட்டால் அண்ணனே போய்விடுவார்.

“இடிச்சிருக்கு அண்ணி.”

“என்னது?”

“டெப்போல ரிவர்ஸ் எடுக்கறப்ப, பின்பக்கச் சுவர்ல. ஏழு வருஷம் ஆச்சு. அண்ணன் மேல தப்பே இல்ல. நான் போனைப் பாத்துக்கிட்டே ‘வரலாம்’னு விசில் அடிச்சுட்டேன். என் வேலை போயிடுமேன்னுதான் மறைச்சார். விடியறதுக்குள்ள பெயிண்ட் அடிச்சுட்டோம்.”

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ஏழு வருஷமா அந்த மெடலை நான் துடைச்சுத் துடைச்சு வைக்கிறேன். நீயும் வந்து பாத்து, ‘சூப்பர் அண்ணி’ங்கற!”

“சார், அவருக்குச் சாதகமா நீங்க இப்பச் சொல்றீங்களோன்னு கேப்பாங்க,” என்றார் டாக்டரம்மா.

“என்னையும் அந்தக் குழாய்க்குள்ள தள்ளுங்க டாக்டர். பொய்யா மெய்யான்னு பாருங்க.”

“பொய்யை அவ்வளவு சுலபமா இதுல பிடிக்க முடியாது. வேற வழி இருக்கு. அந்தச் சம்பவத்துல உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச அஞ்சு கேள்வி எழுதுங்க. பதிலைத் தனியா எழுதி மடிச்சுக் குடுங்க. முடியற வரைக்கும் நானும் பிரிக்க மாட்டேன்.”

கண்டக்டர் பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்தான். மழை பெய்ததா? இடித்தது இடது பக்கமா? கண்டக்டர் அழுதானா? அதைக்கூட எழுதினான்.

ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம். இயந்திரம் தடதடவென்று இரைந்தது. ஸ்டீயரிங், வீடு, ஸ்டீயரிங், ஸ்டீயரிங், வீடு என்று டாக்டரம்மா குறித்துக்கொண்டே வந்தார். பிறகு மடித்த தாளைப் பிரித்தார். ஒருமுறை பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“அஞ்சும் சரி,” என்றார். “உள்ளதான் இருக்கார்மா. எல்லாமே கேக்குது அவருக்கு. எங்கயும் அனுப்பப் போறதில்ல. நாளைக்கே பயிற்சியை ஆரம்பிக்கிறோம்.”

கண்டக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான்.

அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “டாக்டர், நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கட்டா?”

மைக் அவர் பக்கம் திரும்பியது.

“இதோ பாருங்க, எங்கிட்ட வேற ஏதாவது மறைச்சிருக்கீங்களா?”

ஹெட்போனுக்குள் அந்தக் கேள்வி போனது. திரை வெகுநேரம் சும்மா இருந்தது. அப்புறம், தயங்கித் தயங்கி, ஸ்டீயரிங்குக்கான இடம் சிவந்தது.

“அடப்பாவி மனுஷா!” அழுதுகொண்டே சிரித்தார் அண்ணி. “என்னன்னு இந்த மெஷினைக் கேக்க மாட்டேன். எழுந்து வந்து உங்க வாயாலயே சொல்லணும். அதுவரைக்கும் விடறதா இல்ல.”