முதல் வாய்

காளிச்சாமிக்கு வாயெல்லாம் புண். தயிர்ச்சோறுகூட நெருப்பாக எரிந்தது. இது மருமகள் புவனாவின் வேலைதான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். உடுமலைத் தோப்பை விற்றுவிட்டுத் துடியலூரில் வீடு வாங்கலாமே என்று என்றைக்கு அவள் வாயைத் திறந்தாளோ, அன்றைக்கே மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே!

தட்டை வைத்தால் முதல் உருண்டை நாய்க்குப் போகும். நாய் வாலாட்டிக்கொண்டு இன்னொன்று கேட்கும். அப்போதும் மனம் ஒப்பாமல், "நீ ஒரு வாய் தின்னு பாரு அம்மணி, உப்புக் கம்மியா இருக்குது" என்பார். புவனா சட்டியிலிருந்து எடுத்து ஒரு வாய் தின்றுவிட்டு, "செரியாத்தானுங்க மாமா இருக்குது" என்று போய்விடுவாள். கள்ளி, முகத்தில் ஒன்றும் காட்டமாட்டேன் என்கிறாளே என்று அதற்கும் ஒரு வயிற்றெரிச்சல்.

மனைவி பழனாத்தாளின் கையை மட்டும்தான் நம்பினார். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, தோல் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸுக்கு டாக்டர் புதிதாகக் கொடுத்த மாத்திரை, எதுவானாலும் அவள் கொடுத்தால் பார்க்காமலே விழுங்கிவிடுவார்.

புண் தொண்டைக்கு இறங்கியது. காய்ச்சல் கண்டது. அடிபடாமலே கைகால்களில் கன்றிப்போன திட்டுகள். "அவளை அவங்கப்பன் ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போடு, இல்லீன்னா என்னைக் கொன்னுபோடுவா" என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மயங்கிச் சாய்ந்தார்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, தோலுக்கு மருந்து கொடுத்த டாக்டரம்மா அந்த மாத்திரையின் காலி அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார். வரும்போது புவனா பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தது.

"வாரத்துக்கு ஒண்ணுன்னு சொல்லித்தானே குடுத்தேன்? தினமும் போட்டா ரத்தம் ஊறுறதே நின்னுடும். உயிர் தப்பினதே பெருசு. யார் குடுத்தது?"

காளிச்சாமி மருமகளைத்தான் முறைத்தார். அழுதது பழனாத்தாள்.

"நான்தானுங்க. ரண்டு வாரத்துலயே செதில் கொறைஞ்சாப்ல இருந்துதுங்க. கோயில் கும்பாபிஷேகத்துல இவருக்குப் பரிவட்டம் கட்டுவாங்க, ஊரே பாக்குமே, அதுக்குள்ள சுத்தமாயிரட்டும்னு தெனமும் குடுத்துப்போட்டேனுங்க."

அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. புண் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

சில நாள் கழித்துக் கஞ்சி குடிக்கலாம் என்றார்கள். புவனா கிண்ணத்தோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். அவர் கேட்காமலே முதல் கரண்டியைத் தன் உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தாள். பிறகு, பார்த்தாரா என்பதுபோல நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அப்படியென்றால் அவளுக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. காளிச்சாமிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வேண்டாங் கண்ணு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கரண்டியை அவள் எடுப்பதற்குள் வாயைத் திறந்து காத்திருந்தார்.