மெர்வின் ஏமாந்த டாலர்

“ஒரு தேசத்தின் மானம் அதன் நாணயத்தில் குடியிருக்கிறது” என்று லயனல் வின்ஷிப் கையை உயர்த்திச் சொன்னார். மைக் அணைந்திருந்தது. தேசத்தின் மானம் முன்வரிசை வரைக்கும்தான் எட்டியது. தகனக்கூடத்து ஊழியர் வந்து பொத்தானைத் தட்டிவிட்டுப் போனார். லயனல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

ஜனெல் மடியில் கைப்பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பைக்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்த உறை இருந்தது: அப்பாவின் மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், பைஜாமா பையில் அவர் வைத்திருந்த ஒரு டாலர் காசு. எதிரே சவப்பெட்டிக்குள் அப்பா மெர்வின்.

லயனல் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஊர் நாணயச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். கைபடாத, முகம் பார்க்கலாம் போன்ற காசுகளை வெல்வெட் பெட்டியில் சேர்ப்பவர். மெர்வின் பாஸ்கோ குழாய் வேலை பார்த்தவர். அச்சு விலகியது, ஒரு பக்கம் மொட்டையாக வந்தது என்று நாணயச்சாலை சொதப்பியவற்றை மட்டுமே சேர்த்தார். அவையெல்லாம் சேர்க்கத் தகுந்தவைதானா என்று இருவரும் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். இன்றைக்கு ஒருவர்தான் பேச முடிந்தது.

“மெர்வினுக்குக் கண்ணு கூர்மை. நாணயச்சாலை பண்ணின தப்பு எது, வெளியில வந்து அடிபட்டது எதுன்னு எட்ட நின்னே சொல்லிடுவார். ஆனா அவரும் ஒரு காசுல ஏமாந்தார்” என்றார் லயனல். கூட்டம் சிரிக்கத் தயாரானது. “சுத்திலும் விளிம்பு மடிஞ்ச ஒரு டாலர். துணி காயவைக்கிற ட்ரையர்ல காசு சிக்கி மாசக்கணக்கா சுத்தினா அப்படித்தான் ஆகும். நேத்து சங்கத்துல சேர்ந்தவங்களுக்குக்கூடத் தெரியும். ‘மெர்வ், இது ட்ரையர்ல சுத்தினது’ன்னேன். ‘இல்ல, நாணயச்சாலை’ன்னார். கடைசி வரைக்கும் அதேதான்.”

எல்லோரும் பிரியமாகச் சிரித்தார்கள். ஜனெல் சிரிக்கவில்லை.

அந்த டாலரை அவள்தான் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்திருந்தாள். அது அவள் வீட்டு ட்ரையர் கதவின் ரப்பருக்கடியில் கிடைத்தது. யாருடைய சட்டைப்பையிலிருந்தோ விழுந்தது என்று நினைத்தாளே தவிர, உள்ளே எவ்வளவு காலம் சுற்றியது என்று நினைக்கவில்லை. விளிம்பைப் பார்த்து நாணயச்சாலைத் தப்பு என்று நம்பி, ரிப்பன் கட்டிக் கொடுத்தாள். அப்பா லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். “அடேயப்பா” என்றார். எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கவில்லை.

விடாமல் அவள்தான் கேட்டாள். “சங்கத்துல காட்டினீங்களா? என்ன சொன்னாங்க?”

“வாயடைச்சுப் போயிட்டாங்க.”

வியாழக்கிழமை காலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அதை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு, “நல்ல காசு, ஜனெல். தேங்க்ஸ்மா” என்றார். பழைய பரிசுக்கு இப்போது எதற்கு நன்றி என்று அவள் தலையணையைச் சரிசெய்தாள். மத்தியானம் அவர் போய்விட்டார்.

தகனம் முடிந்து, புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பில் தேநீர். ஸாசேஜ் ரோல் தட்டுக்கு இந்தப் பக்கம் லயனல். அந்தப் பக்கம் தோரா பெக்ஸ். கோழிப்பண்ணைக்காரி, சங்கத்தில் மெர்வினின் ஒரே கட்சிக்காரி.

“குத்தமில்லாத காசை எவன் வேணா வாங்கலாம், லயனல். பர்ஸ் பெருசா இருந்தாப் போதும். குத்தம் உள்ளதைத் தேடணும்.”

“குப்பைத்தொட்டியிலயும்தான் தேடணும்.”

“உன் பெட்டியில இருக்கிறது ஒரு ரொட்டிகூட வாங்கினதில்ல, பாவம்.”

ஜனெல் நடுவில் வந்து நின்றாள். உறையைப் பிரித்து, தக்காளி சாஸ் பாட்டில் பக்கத்தில் டாலரை வைத்தாள்.

“அப்பா ஏமாறல. இதை நான்தான் கொடுத்தேன். என் ட்ரையர்ல கிடந்தது. எனக்குத்தான் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சிருக்கு.”

லயனல் கோட்டுப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். சாவுக்கும் அதைக் கொண்டுவந்திருந்தார். அந்தக் காசில் பார்க்க ஒன்றுமில்லை. கண்ணை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“எங்கிட்ட அன்னிக்கே சொன்னான்” என்றாள் தோரா. “‘பொண்ணு ரிப்பன் கட்டிக் கொடுத்திருக்கா, தோரா. லயனல் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்’னான்.”

“ஒவ்வொரு கூட்டத்துலயும் கிண்டல் பண்ணினேன்மா” என்றார் லயனல். கொஞ்சம் பொறுத்து, “ஒவ்வொரு கூட்டத்துலயும்” என்றார்.

ஜனெல் அவருக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

“இதை லைப்ரரி அலமாரியில வைக்கணும். சங்கத்து அலமாரி. தப்புக் காசை இதுவரைக்கும் அதுல விட்டதில்ல.”

“இல்ல. இது எங்கிட்டயே இருக்கட்டும்.”

“சரி” என்றார் லயனல். ஒரே வார்த்தையில் அவர் பேச்சை முடித்ததைச் சங்கத்தில் யாரும் கண்டதில்லை.

ஆனாலும் தலைவர் தலைவர்தான். காகிதக் கைக்குட்டையை விரித்துப் பேனாவைத் திறந்தார். “சங்கத்துப் பத்திரிகையோட அடுத்த இதழ்ல திருத்தம் போடறேன். மெர்வின் பாஸ்கோவின் கண் ஒருபோதும் தவறியதில்லை. காசைக் கண்டெடுத்தவர், மகள் ஜனெல். நீ எங்கம்மா வேலை பாக்கறே?”

“வீட்டுச் சாமான் கடையில.”

“கடையில எந்தப் பக்கம்?” என்றாள் தோரா.

ஜனெல் டாலரை எடுத்து உறைக்குள் போட்டு மடித்தாள்.

“ட்ரையர் பிரிவு” என்றாள். அந்த வருடம் அதில் அதிகம் விற்றவளும் அவள்தான்.